மாறா விகிதம்

"சிறுதுளி பெருவெள்ளம்" என்பது சிக்கனத்தைப் போதிக்கும்பொழுது நம்மவர் கூறும் பழமொழி. "வட்டி குட்டி போடும்" என்பது கடனைக் குறித்து எச்சரிக்கும்பொழுது கூறும் மொழி. இரண்டும் பெருகுதலைப் பற்றியனவே ஆயினும், ஊன்றி நோக்குவார்க்கு இவற்றிடையே பெரியதொரு வேற்றுமை புலனாகும். துளியோடு துளி சேர்வது கூட்டல். முன்பு விழுந்த துளி பின்பு விழும் துளியைப் பெரிதாக்குவதில்லை. குட்டியோ வளர்ந்து தானும் குட்டி ஈனும். ஆதலின் அது பெருக்கல். எழுத்தறியாத நம் பாட்டிமார் இவ்விரண்டையும் இடமறிந்து வழங்கினர். சேமிப்பைக் குறித்துப் பேசுங்கால் துளியையும், கடனைக் குறித்துப் பேசுங்கால் குட்டியையும் அவர்கள் உவமையாக்கியது தற்செயலன்று.

கல்லூரியிற் பயிலும் நாமோ இவ்வேற்றுமையைக் கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர் என்னும் பெயர்களாற் கற்று, சூத்திரங்களை நெட்டுருச் செய்து, தேர்வு மண்டபத்தில் எழுதி, அதன் வாயிலிலேயே அவற்றை விட்டுவிட்டு வருகின்றோம். அங்ஙனம் விடலாகாது என்பது எம் கருத்து. அன்றியும், சூத்திரத்தை மறவாது போற்றுவோரும் அதனுள் மறைந்து கிடக்கும் நிபந்தனை ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்நிபந்தனையைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

முதற்கண் கணக்கைச் சுருங்கக் கூறுவோம். ஒருவன் 100 ரூபாயை ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தனிவட்டிக்கு இடுகிறான் என்க. ஆண்டு முடிவுகளில் அவன் தொகை 110, 120, 130 என ஏறும். இது கூட்டுத் தொடர். அதே தொகையைக் கூட்டு வட்டிக்கு இடுவானாயின் 110, 121, 133.10 என ஏறும். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்திய உறுப்பை 1.1 என்னும் எண்ணாற் பெருக்கக் கிடைப்பது. இது பெருக்குத் தொடர்; 1.1 என்பது அதன் பொது விகிதம். முதல் மூன்றாண்டில் இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமை மூன்று ரூபாய் பத்துக் காசே. இருபது ஆண்டு சென்றபின் தனிவட்டிக்காரனிடம் 300 ரூபாயும், கூட்டு வட்டிக்காரனிடம் 672 ரூபாய் 75 காசும் இருக்கும். தொடக்கத்தில் அடங்கியிருந்து இறுதியில் பொங்கி எழுவது பெருக்குத் தொடரின் இயல்பு.

எனவே, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே வீதமாக எப்பொருள் வளரினும் அதன் வளர்ச்சி பெருக்குத் தொடராகும். வீதத்தை நூறால் வகுத்து ஒன்றோடு கூட்டினால் பொது விகிதம் கிடைக்கும். தேய்வாயின் ஒன்றினின்று கழிக்கவேண்டும். எத்தனை ஆண்டோ அத்தனை முறை அவ்விகிதத்தால் முதலைப் பெருக்குதலே முழுக் கணக்கும் ஆம். தொகை இருமடங்காகும் காலத்தை விரைவில் அறிய வேண்டுவோர் 72-ஐ வீதத்தால் வகுத்தாற் போதும். நூற்றுக்கு ஆறு எனின் ஏறக்குறைய 12 ஆண்டு. இவ்வெளிய வழியை இத்தாலிய நாட்டு லூக்கா பசியோலி என்பார் 1494-இல் அச்சிட்ட தம் கணித நூலிலேயே குறித்துள்ளார்.

இங்கு மாணவர் இடறி விழும் இடங்கள் மூன்று உள. பத்து இடைவெளியுள்ள வேலிக்குப் பதினொரு கால் வேண்டுவதுபோல, பத்தாண்டு வளர்ச்சிக்குத் தொடக்கத் தொகையையும் சேர்த்துப் பதினோர் உறுப்புகள் உண்டு. இதனை மறந்து ஓராண்டைக் குறைத்துவிடுவது முதலாவது பிழை. நூற்றுக்குப் பத்து ஏறிப் பின் நூற்றுக்குப் பத்து இறங்கின் பழைய நிலை எய்தும் என்று எண்ணுவது இரண்டாவது; 100 முதலில் 110 ஆகி, அதிற் பத்தில் ஒரு பங்கு குறைய, 99 அன்றோ நிற்கும்? பத்தாண்டு வீதத்தைப் பத்தால் வகுத்து ஓராண்டு வீதம் என்று கொள்வது மூன்றாவது. இவை மூன்றும் ஆசிரியரின் சிவப்பு மையால் திருத்தப்படுவன. நாம் கூறவந்த பிழையோ எந்தச் சிவப்பு மையாலும் திருத்தப்படாதது.

அஃதாவது: பாடநூற் கணக்குகள் யாவும் "ஆண்டுதோறும் இவ்வீதமே வளரின்" என்று தொடங்குகின்றன. "வளரின்" என்னும் சொல்லின் ஈற்றிலுள்ள "இன்" என்னும் விகுதியை நாம் படிக்கின்றோமே ஒழிய அதன் பொருளைக் கேட்பதில்லை. விகிதம் மாறாது நிற்கும் என்பதற்கு யார் பிணை? எது அதனை நிறுத்தி வைக்கிறது? இக்கேள்விக்கு விடை கூறாத கணக்கு, எண்ணளவிற் பிழையற்றதாயினும் உலகியலில் வெறும் கற்பனையே. இதற்குச் சான்றாக ஒரு முதியவரின் உயில் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டுப் பெரியாராகிய பெஞ்சமின் பிராங்கிளின் 1790-ஆம் ஆண்டு காலஞ்சென்றார். அதற்கு முந்திய ஆண்டில் தம் உயிலோடு ஓர் இணைப்பு எழுதி, தாம் பிறந்த பாஸ்டன் நகருக்கும் தாம் வாழ்ந்த பிலடெல்பியா நகருக்கும் தனித்தனியே ஆயிரம் பவுன் வைத்தார். இளமையில் நண்பர் இருவர் கடனாகக் கொடுத்த பொருளே தமது அச்சுத் தொழிலுக்கு அடிப்படையாயிற்று என்பதை அவர் மறந்தாரல்லர். ஆதலின் அப்பணத்தை, தொழிற்பயிற்சி முடித்து மணமும் புரிந்த இளந் தொழிலாளர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் கொடுத்து, ஆண்டுதோறும் அசலிற் பத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்று, வந்ததை மீண்டும் பிறர்க்குக் கொடுத்து வரவேண்டும் என்று விதித்தார். இங்ஙனம் நூறாண்டு நடப்பின் ஆயிரம் பவுன் 1,31,000 பவுனாகும். அதில் ஓர் இலட்சத்தை நகர நன்மைக்குச் செலவிட்டு, எஞ்சிய 31,000-ஐ மேலும் நூறாண்டு விடுக்க, அது 40,61,000 பவுனாகும் என்று கணக்கிட்டார். 1.05-ஐ நூறு முறை பெருக்கிப் பார்ப்பார்க்கு 131.5 கிடைக்கும். கிழவரின் கணக்கிற் பிழை இல்லை.

நடந்தது யாது? முதல் நூறாண்டு முடிவில் பாஸ்டன் நிதி 3,90,000 டாலருக்குச் சற்று மேல் நின்றது. அக்கால மாற்று வீதப்படி பிராங்கிளின் எதிர்பார்த்ததோ ஏறக்குறைய 5,80,000 டாலர். பிலடெல்பியா நிதி, பாஸ்டன் நிதியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே இருந்தது. இருநூறாண்டு முடிந்த 1990-இல் பாஸ்டனில் ஏறக்குறைய 50 இலட்சம் டாலரும், பிலடெல்பியாவில் ஏறக்குறைய 20 இலட்சம் டாலரும் எஞ்சின.

காரணம் கணிதத்திலன்று; மனிதரிடத்து இருந்தது. கடன் பெற்றோர் சிலர் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆலைகள் பெருகவே, ஆசானிடம் அமர்ந்து தொழில் பயிலும் வழக்கம் மறைந்து, உயில் கூறிய தகுதியுடைய இளைஞர் அருகினர். பாஸ்டன் நிதியின் காப்பாளர் கைவசம் தங்கிய பணத்தை வட்டி தரும் இடத்தில் இட்டு வைத்தனர். முதல் நூறாண்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பாஸ்டனில் வீதம் நான்கரையளவும் பிலடெல்பியாவில் மூன்றளவுமே நின்றதாகத் தெரிகிறது. ஐந்து எங்கே, மூன்று எங்கே. இரண்டுதானே குறைவு என்று தோன்றும். ஆனால் நூறாண்டில் நூற்றுக்கு ஐந்து 131 மடங்கும், நான்கு 50 மடங்கும், மூன்று 19 மடங்கும் தரும். விகிதத்தில் நேர்ந்த சிறு தளர்ச்சி விளைவில் ஏழில் ஆறு பங்கை விழுங்கிவிடுகிறது. எனினும் அவ்வறம் பாழ்போயிற்று என்று நாம் கூறோம். முதல் நூறாண்டுப் பொருளையும் கார்னெகி அளித்த நன்கொடையையும் கொண்டு பாஸ்டனில் 1908-இல் ஒரு தொழிற்பள்ளி திறக்கப்பெற்றது. நாம் கூறுவது இதுவே: பிராங்கிளின் எழுதிய 1.05 என்னும் எண்ணை ஆண்டுதோறும் ஒருவர் கண்விழித்துக் காக்கவேண்டியிருந்தது. காத்த அளவே அது நின்றது.

இனி, யாரும் காவாமலே விகிதம் மாறாது நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது கடன் பத்திரம். அங்கே விகிதத்தைக் காப்பது கையொப்பம். பயிர் பொய்த்தாலும் வீட்டில் நோய் வந்தாலும் வட்டி உறங்குவதில்லை. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் என்பது செவிக்கு எளிதாக ஒலிக்கிறது. 10,000 ரூபாயை அவ்வட்டிக்கு வாங்கி, யாதும் செலுத்தாது, வட்டி மாதந்தோறும் அசலோடு சேருமாயின், இரண்டாண்டுக்குள் அது இரட்டிக்கும்; பத்தாண்டில் 3,47,000 ரூபாயைக் கடக்கும். தனிவட்டியாயின் அதே காலத்தில் 46,000 ரூபாயே. குடியானவன் வருமானமோ மழையை நோக்கி ஏறியும் இறங்கியும் நிற்பது. மாறும் வருமானத்தை மாறா விகிதத்தோடு ஓடவிட்டால் எது வெல்லும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

முன்னோர் இதனை அறியாதாரல்லர். ஒரு சேரப் பெறும் வட்டி அசலின் அளவைக் கடத்தலாகாது என்னும் விதி மனு நூலிற் காணப்படுகிறது. 1938-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் இந்நெறியையே தழுவிற்று. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களின்மேல் 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையாய் நின்ற வட்டியை அது தள்ளியது. அசலின் இருமடங்கை ஏற்கெனவே செலுத்தியிருந்தவர் கடன் முழுதும் தீர்ந்ததென்றும் விதித்தது. 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கச் சட்டம் எழுந்தது. கணித நோக்கில் இவை யாவும் ஒரே செயல்: பெருக்குத் தொடரை ஓரிடத்தில் வெட்டி நிறுத்துதல். ஆனால் சட்டம் வருமுன் கையொப்பம் இடுபவன் தானே கணக்கிட்டுப் பார்க்க அறிந்திருப்பின் எத்தனை வீடுகள் பிழைக்கும்!

கடனில் விகிதம் கையொப்பத்தால் நிற்கிறது. அறநிதியில் உழைப்பால் நிற்கிறது. மக்கட்பெருக்கத்திலோ அதனை நிறுத்துவார் எவருமிலர். மால்தஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1798-இல் வெளியிட்ட நூலில், உணவு கூட்டுத் தொடராகவும் மக்கள் தொகை பெருக்குத் தொடராகவும் வளரும் இயல்பின என்று கூறி உலகை அச்சுறுத்தினார். நம் மாநிலத்தை வைத்தே இதனைச் சோதிப்போம். தமிழ்நாட்டின் மக்கள் 1961-இல் 3 கோடியே 37 இலட்சம். 1971-இல் 4 கோடியே 12 இலட்சம். பத்தாண்டு விகிதம் 1.223. இதனை ஆண்டு வீதமாக்கினால் நூற்றுக்கு 2.03 ஆகும், பத்தால் வகுத்து 2.23 என்பார் முன்னர்க் கூறிய மூன்றாம் பிழையில் வீழ்ந்தவராவர். 1971-இல் ஒரு மாணவன் இவ்விகிதத்தையே நான்கு முறை பெருக்கி, 2011-இல் தமிழ்நாட்டில் 9 கோடியே 22 இலட்சம் மக்கள் இருப்பர் என்று எழுதியிருப்பின் ஆசிரியர் முழு மதிப்பெண்ணும் வழங்கியிருப்பார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் கண்டதோ 7 கோடியே 21 இலட்சம். இரண்டு கோடிப் பேர் அம்மாணவனின் தாளிலே பிறந்து தாளிலேயே வாழ்ந்தனர்!

அவ்விகிதத்தை மாற்றியவர் யார்? பள்ளிக்குச் சென்ற பெண்கள். மணப்பருவத்தைத் தள்ளிவைத்த குடும்பங்கள். தாய்சேய் நலம் பேணிய செவிலியர். தாயொருத்திக்குக் குழந்தைகள் எத்தனை என்னும் சராசரி 2019-21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 1.8 ஆகிவிட்டது. எனினும் விகிதம் ஒரே சீராக இறங்கிற்று என்றும் கொள்ளற்க. 1991-2001-இல் நூற்றுக்கு 11.7 ஆக இருந்த பத்தாண்டு வளர்ச்சி அடுத்த பத்தாண்டில் 15.6 ஆக உயர்ந்தது. மக்கள் வாழ்வு எந்தச் சூத்திரத்துக்கும் கைகட்டிச் சேவகம் செய்வதில்லை.

அங்ஙனமாயின் பெருக்குத் தொடரைக் கற்பது வீண் அன்றோ என்று சிலர் வினவலாம். அன்று, அதனைக் கைவிடுவது பெருந்தவறு. "இவ்வீதமே வளரின் இங்ஙனம் ஆகும்" என்று முன்னரே அறிந்தாலன்றி, வீதத்தை மாற்ற வேண்டும் என்னும் எண்ணமே ஒருவர்க்குத் தோன்றாது. மேலும், உண்மை தொடரினின்று எங்கே விலகுகிறதோ அங்கேதான் ஆராயத்தக்க காரணம் இருக்கிறது. பிலடெல்பியாவில் தவறிய கடன்களையும், தமிழ்நாட்டில் பள்ளி சென்ற பெண்களையும் நமக்குக் காட்டித் தந்தது தொடருக்கும் உண்மைக்கும் இடையே நின்ற வேற்றுமையே. கோணலைக் காண நேரான கோல் வேண்டும். பெருக்குத் தொடர் அத்தகையதோர் அளவுகோல். அது தீர்க்கதரிசனம் அன்று.

ஆகவே நம் கல்லூரிகளில் இப்பாடம் கற்பிக்கப்படும் முறையில் ஒரு மாற்றத்தை வேண்டுகின்றோம். வீத வளர்ச்சிக் கணக்கு ஒவ்வொன்றிற்கும் விடை எழுதியபின், மாணவன் மூன்று வரிகள் கூடுதலாக எழுதவேண்டும். இவ்விகிதத்தை நிறுத்தி வைப்பது யாது? அஃது எத்துணைக் காலம் நிற்கும் என்று நம்பலாம்? வீதம் ஒன்று கூடினும் குறையினும் விடை எவ்வளவு மாறும்? இம்மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று வைத்தால், நெட்டுருச் செய்தவன் யார், உணர்ந்தவன் யார் என்பது ஒரு நொடியில் விளங்கும். கணித மாணவர்க்கேயன்றி, வரலாறும் இலக்கியமும் பயில்வோர்க்கும் இச்சிறு பாடம் கட்டாயமாதல் வேண்டும். கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் நாளில் நீ எப்பாடம் பயின்றவன் என்று யாரும் கேட்பதில்லை.

ஈண்டு நம் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆசிரியர் நினைவாகவும் பெற்றோர் நினைவாகவும் பரிசு நிதிகள் ஏற்படுத்தும் நற்செயல் கல்லூரிகள்தோறும் நடந்து வருகிறது. பெரும்பாலும் முதலைத் தொடாது, ஆண்டு வட்டி முழுவதையும் பரிசாக வழங்குமாறு விதிக்கின்றோம். முதல் குறையவில்லை என்று மனம் நிறைகின்றோம். ஆனால் விலைவாசி ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுமாயின், அம்முதலின் வாங்கும் ஆற்றல் பன்னிரண்டு ஆண்டில் பாதியாகும். இருபத்துநான்கு ஆண்டில் காலாகும். இதுவும் பெருக்குத் தொடரே, தேய்பிறைத் தொடர். தந்தையின் பெயரால் பொற்பதக்கம் என்று தொடங்கியது, பேரன் காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் பற்றாது போதல் இதனாலன்றோ? வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதியின் வீதத்தையும் விலைவாசியின் வீதத்தையும் ஒப்பிட்டு நோக்கவும் விதியிலேயே ஓரிடம் வைப்பின், பரிசு பெயரளவாய்த் தேயாது நிற்கும். முதலாண்டுகளிற் பரிசு சற்றுச் சிறுத்திருக்கும் என்பது உண்மையே. இன்று பரிசு பெறும் மாணவனிடம் ஒரு பங்கு குறைத்து, இன்னும் பிறவாத மாணவனுக்கு அதனை வைக்கின்றோம். இது நீதியா என்று கேட்பார்க்கு, இன்று நாம் அமர்ந்து பயிலும் மண்டபங்களும் நூல்நிலையமும் நம்மை அறியாத ஒருவர் இங்ஙனம் குறைத்து வைத்தமையால் வந்தனவே என்று விடை கூறுவோம்.

குட்டி போடும் இயல்பு வட்டிக்கு உண்டு. அக்குட்டி நமக்கு உதவுமா, நம்மைத் தின்னுமா என்பது, விகிதம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நூற்றுக்கு இவ்வளவு என்று எவரேனும் நம்மிடம் கூறும்போதெல்லாம், தொகையைக் கேட்குமுன் அதன் ஈற்றிலுள்ள "இன்" விகுதியைக் கேட்போமாக.